எறிந்த தூரத்தை மட்டும் எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு முதலில் வேண்டியது கைவலு, குறி போகப் போகத் தானே பழகிவிடும் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இந்த ஒரு நினைப்பு எத்தனை அணிகளின் எத்தனை வருடங்களைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த நீங்களே அந்த வரியை அப்படியே அச்சுக்கு அனுப்பியதுதான் வருத்தம்.

ஜாமார்கஸ் ரசலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற டிராஃப்ட்டில், 2007-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் அவர்தான். மண்டியிட்ட நிலையிலேயே அறுபது யார்டு (கஜம்) எறிவார் என்பது அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. 25 ஆட்டங்களைத் தொடங்கினார், வென்றது 7. எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 52தான் தன் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கிற டச்டவுன் 18, எதிரணி பறித்துக்கொண்ட இன்டர்செப்ஷன் 23. 2010 மே மாதம் அணியே அவரை விடுவித்துவிட்டது. அந்தக் கையில் வலுவுக்கு என்ன குறை இருந்தது? குறி தானாகப் பழகும் என்றால் அவருக்கு ஏன் பழகவில்லை?

நான் நியூஜெர்சியில் குடியிருப்பவள். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஆட்டங்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். 2008-இல் நடந்ததை விட இதற்குத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம். எங்களுக்கு அப்போது சாட் பென்னிங்டன் குவார்ட்டர்பேக். 2004-இல் தோளில் காயம், 2005-இல் அறுவைச் சிகிச்சை, மறுபடி காயம், மறுபடி அறுவைச் சிகிச்சை. கை தளர்ந்துவிட்டது, பந்து மிதந்து போகிறது என்று ரேடியோவுக்குக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் அவரை நாள் தவறாமல் கரித்துக் கொட்டினார்கள். ஆகஸ்டில் கிரீன் பே அணியிலிருந்து குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவர் வந்தார். NFL என்ற தொழில்முறை லீக் கண்ட மிக வலுவான கைகளில் ஒன்று அவருடையது. பென்னிங்டனை அனுப்பிவிட்டார்கள். மறுநாளே மயாமி அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய சீசனில் 16 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வென்ற அணி அது.

டிசம்பர் 28, சீசனின் கடைசி ஞாயிறு. மயாமி எங்கள் மைதானத்துக்கே வந்தது, நானும் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஃபாவரின் 4 என்ற எண் போட்ட புதுப் பச்சைச் சட்டைகள். ஃபாவர் 3 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அதில் ஒன்றைப் பறித்தவன் மயாமியின் முன்வரிசையில் நிற்கிற கனத்த ஆள், அவனே ஓடிப்போய் டச்டவுன் போட்டான். பென்னிங்டன் 2 டச்டவுன் எறிந்தார், ஒரு பந்துகூடப் பறிபோகவில்லை. 24-17 என்று மயாமி ஜெயித்தது. அந்த சீசனின் 11 வெற்றியோடு எங்கள் இரண்டு அணிகளும் இருக்கிற பிரிவையே வென்றது. நாங்கள் 9 வெற்றி, 7 தோல்வி என்று வீட்டுக்குப் போனோம். அந்த வருடம் ஃபாவர் எறிந்த இன்டர்செப்ஷன் 22, பென்னிங்டன் எறிந்தது 7. கடைசி வாரங்களில் ஃபாவரின் கையில் காயம் இருந்தது உண்மை, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பென்னிங்டனின் தோள் இரண்டு தடவை கத்தி பார்த்த தோள். அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் அவர் அந்த சீசனில் நூற்றுக்கு 67 பந்துகளைக் கையில் சேர்த்தார். அதில் லீக்குக்கே முதலிடம் அவர்.

அதே மயாமி 2006-இல் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். தோள் கிழிந்து நின்ற குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸை நம்பாமல், நீண்ட பாஸுக்குப் பேர்போன டான்டே கல்பெப்பரை முழங்கால் காயத்தோடு கூட்டிவந்தார்கள். அவர் அங்கே ஆடியது நாலே ஆட்டம். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். 2010 பிப்ரவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 39 பந்து எறிந்து 32-ஐச் சேர்த்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கைவலுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிற ரிசீவருக்கு, அதாவது எறிந்த பந்தை வாங்குகிறவனுக்கு, பந்து தாமதமாகப் போனால் எதிரணிக்காரன் குறுக்கே வந்து பறித்துக்கொண்டு போவான். பஃபலோ போன்ற ஊரில் டிசம்பர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும் வேகம் வேண்டும். அந்த அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் ஜெயிக்கிறதும் தோற்கிறதும் பந்து ரிசீவரின் எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஓடுகிற நெஞ்சுக்கு ஒரு அடி முன்னால் வந்தால் வேகம் குறையாமல் வாங்கிக்கொண்டு இன்னும் பத்து யார்டு ஓடுவான். முதுகுப் பக்கம் வந்தால் நின்று, இடுப்பைத் திருப்பி எட்ட வேண்டும். அதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்திருப்பார்கள். 1989 சூப்பர் பௌலில் சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா கடைசி மூன்று நிமிடத்தில் 92 யார்டு கடந்ததை இன்றும் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த மூன்று நிமிடத்தில் 9 எறிந்து 8 சேர்ந்தது. அதில் மிக நீளமானதே 27 யார்டுதான். ரிசீவர் ஜான் டெய்லருக்குப் போன கடைசி டச்டவுன் வெறும் 10 யார்டு. அந்த மனிதரைத்தான் கைவலு போதாது என்று 1979 டிராஃப்ட்டில் மூன்றாம் சுற்று முடிகிற வரைக்கும் காக்க வைத்தார்கள்.

பஃபலோ குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைக் கட்டுரையாளர் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுத்திருக்கிறார். 2018-இல் பஃபலோவுக்கு வந்தபோது ஆலனின் கம்ப்ளீஷன் சதவீதம், அதாவது எறிந்ததில் போய்ச் சேர்ந்தது, 52.8. 2020-இல் 69.2. அதன் பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. இடையில் வலு கூடியதா? 2018-லும் அதே கைதான். மாறியது காலடி, இடுப்புத் திருப்பம், குறி. அதற்காக அந்தப் பிள்ளை சீசன் இல்லாத மாதங்களிலெல்லாம் பட்ட பாட்டைத் தானாகப் பழகிவிடும் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது அவருக்கே செய்கிற அநியாயம்.

இதைச் சொல்ல வந்த இடத்தில் மற்றதையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுதும்போதெல்லாம் ஆண்களைப் பார்த்தே எழுதுகிறது. சூப்பர் பௌல் வாரத்தில் மகளிர் பக்கத்துக்கு வந்து சேர்வது அன்றைக்கு என்ன பலகாரம் செய்யலாம் என்ற குறிப்பு. நான் சமைக்கிறவள்தான், அதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டத்தையும் பார்க்கிறவள். முன்பு ஒருமுறை டிராஃப்ட் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். "கட்டுரை அருமை" என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள். கட்டுரையில் இருந்த பிழையைச் சொன்ன மீதிப் பகுதி காணாமல் போயிருந்தது. பாராட்டினால் இடம் உண்டு, திருத்தினால் இடம் இல்லையா?

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். என் மூத்தவன் பள்ளி அணிக்குக் குவார்ட்டர்பேக்காக முயன்றான். பயிற்சியாளர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளை ஒரு கோட்டில் நிறுத்தி, யார் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் தேர்வு. எதிரே ஓடுகிறவனுக்கு எறியச் சொல்லிப் பார்க்கவே இல்லை. தூரம் எறிந்த பையன் அணியில் சேர்ந்தான். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. சீசன் முழுக்க அவன் பந்து ரிசீவர்களின் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் போனது. பக்கத்து வீட்டுப் பையனின் விரல் நுனியில் பந்து பட்டுத் தெறித்து, விரல் முட்டி வீங்கி, அதைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு ஆடினான். என் மகன் பெஞ்சிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். அடுத்த வருடம் அவன் முயலவே இல்லை. எங்கள் தெருவில் சைக்கிளில் போகிற தம்பியின் மடியில் பந்தை அலுங்காமல் போடுகிற பிள்ளை அவன்.

உங்கள் இதழை இங்கே அப்பாக்கள் படிக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாளைக்குப் பூங்காவில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தி, எவ்வளவு தூரம் எறிகிறான் பார்ப்போம் என்பார்கள். பிஞ்சுத் தோள் என்ன ஆகும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி எந்தக் குவார்ட்டர்பேக்கைப் பற்றி எழுதினாலும் எத்தனை யார்டு எறிந்தார் என்பதற்குப் பக்கத்திலேயே எறிந்ததில் எத்தனை போய்ச் சேர்ந்தது என்ற எண்ணையும் கொடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் மகனைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள், பென்னிங்டனை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
எடிசன், நியூஜெர்சி