சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் விழா, மாசியில் நடந்த சிரமதானம், வாணி விழா ஆகியன வழமைபோல் நிறைவேறின. வாசிகசாலைக்கு நாளிதழ்கள் தடையின்றி எடுக்கப்பட்டன. மழைக்கு ஒழுகிய கூரைத் தகடுகள் மாற்றப்பட்டன. நிர்வாக சபை தேவையானபோது கூடியது. ஆயினும் பல கூட்டங்களில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வரவு, நிறையும்வரை காத்திருக்க நேர்ந்ததை வரவுப் புத்தகத்தைப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

இவ்வாண்டின் பெரும் வேலை, தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களுக்கு நாம் நடத்திய கணிதப் போட்டிப் பயிற்சி வகுப்பு. இதைப் பற்றிச் சபையிலும் வெளியிலும் பல கேள்விகள் எழுந்ததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக நம் ஊர்ப் பிள்ளைகள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அது முடிந்தால் தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைவரை பொதுப் பரீட்சை கிடையாது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோரின் கவனம் குறைகிறது, நல்ல ஆசிரியர்கள் மேல் வகுப்புகளுக்கு அனுப்பப்படுகிறார்கள், தனியார் வகுப்புகளோ அடுத்த தவணைப் பாடத்தை முன்கூட்டி முடித்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. பதினொரு வயதில் எதையும் கேட்டுத் துளைக்கும் பிள்ளை, பதினைந்து வயதில் “சேர், இது சோதனைக்கு வருமா?” என்று மட்டும் கேட்கிறது. இதைக் கண்டு பொறுக்க முடியாமல்தான் நான் இந்த வகுப்பை முன்மொழிந்தேன். கணிதப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புவது, கேட்டுத் துளைக்கும் அந்தக் குணத்தைக் காக்க ஒரு வழி.

சனிக்கிழமை பிற்பகல்களில், தனியார் வகுப்புகள் முடியும் நேரம் பார்த்து, வாசிகசாலை மண்டபத்தில் வகுப்பு நடந்தது. திருகோணமலையின் உவர்மலை, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் பிள்ளைகளோடு சாம்பல்தீவிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ்ஸில் சிலர் வந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை படகுப் பாதையை நம்பியிருந்த ஊர் அது. அன்றைக்கு இப்படியொரு வகுப்புக்கு ஒரு பிள்ளை பொழுதுபடுமுன் வந்து திரும்புவது எளிதாக இருந்திருக்காது.

வகுப்பில் என்னதான் கற்பித்தீர்கள் என்று கேட்டவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1 முதல் 100 வரையான எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கினால் விடையின் இறுதியில் எத்தனை பூச்சியங்கள் நிற்கும்? முதலில் பலரும் 11 என்றார்கள். 10, 20, 30 என்று 90வரை ஒவ்வொன்று, 100இல் இரண்டு. பிறகு தரம் 7 மாணவி ஒருத்தி, 5ஐ 2ஆல் பெருக்கினாலும் பூச்சியம் வருகிறதே என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மண்டபமே விழித்துக்கொண்டது. 2 என்ற காரணி வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது, ஆகவே 5ஐ எண்ணினால் போதும் என்று அவர்களே கண்டார்கள். 5இன் மடங்குகள் மொத்தம் இருபது; அவற்றுள் 25, 50, 75, 100 ஆகிய நான்கிலும் 5 இருமுறை வருவதால் இன்னும் நான்கு, விடை 24. நான் விடையைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்று பிற்பகலில் பெரும்பகுதி அதற்கே போனது. போகட்டும் என்று விட்டேன், இனியும் விடுவேன்.

இன்னொரு நாள் 8க்கு 8 சதுரப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டு, மீதி 62 கட்டங்களையும் இரு கட்ட நீளமுள்ள 31 அட்டைத் துண்டுகளால் மூடச் சொன்னேன். வெட்டி வைத்த அட்டைகள் கசங்கும்வரை முயன்றார்கள். கட்டங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டிப் பார்த்த பின்னர்தான், வெட்டப்பட்ட இரண்டும் ஒரே நிறம் என்பது தெரிந்தது. ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30 மிஞ்ச, ஒவ்வொரு துண்டும் நிறத்துக்கொரு கட்டத்தையே மூடும்போது எப்படி முடியும்? முடியாது என்பதையும் நிறுவ முடியும் என்று பிள்ளைகள் அறிந்த நாள் அது. பாடப்புத்தகப் பயிற்சிகளில் இந்த அனுபவம் அரிதாகவே கிடைக்கிறது.

பழைய வினாத்தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. இரவுகளில் நான் தமிழாக்கி, கையால் எழுதி, நிழற்பிரதி எடுத்துக் கொடுத்தேன். யூலையில் இங்கிலாந்தின் பாத் நகரில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் நடந்தபோது, இரண்டு நாட்களில் ஆறே வினாக்கள், நாளொன்றுக்கு நாலரை மணி நேரம், வினாவுக்கு ஏழு புள்ளி என்று சொன்னதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஒரு வினாவோடு ஒன்றரை மணி நேரம் இருப்பது என்றால் என்னவென்று அவர்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதே எனக்குப் போதுமானதாயிற்று.

போட்டிக்குச் சென்றவர்களில் சிலர் அடுத்த சுற்றுக்குத் தெரிவானார்கள். பதக்கம் எதுவும் வரவில்லை. “பதக்கம் இல்லாத வகுப்புக்கு மின்கட்டணம் எதற்கு?” என்று ஓர் அங்கத்தவர் நிர்வாக சபையில் கேட்டதை அறிக்கைக் குறிப்பில் பதிந்திருக்கிறேன். என் பதிலையும் இங்கே பதிகிறேன். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பெரிய பாடசாலைகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பயிற்சியை நாம் தொடங்கி ஓராண்டும் நிறையவில்லை. தரம் 6இல் தொடங்கிய பிள்ளை தரம் 9ஐ எட்டும்வரையேனும் பொறுத்துப் பார்க்காமல் வகுப்பை மூடச் சொல்வது நீதியாகாது.

செப்டெம்பர் 21 சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தல் என்பதால் வகுப்பு இல்லை. நவம்பர் இறுதியில் பெய்த மழையில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது, நாமும் நிறுத்தினோம். இவை நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருந்தவற்றைத்தான் வருத்தத்தோடு சொல்கிறேன். சென்ற பொதுக்கூட்டத்தில் கணிதம் கற்பித்துத் தருவதாக எழுந்து நின்று சொன்னவர்கள் பலர். அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள், பொறியியலாளர்களும் இருந்தார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு தொடர்ந்து வந்தவர் ஒரேயொருவர். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர். மற்றவர்களுக்கு வேலை இருக்கும், வீட்டில் நோயாளிகள் இருப்பார்கள், நான் மறுக்கவில்லை. வர முடியாது என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்க வேண்டி வந்திராது.

சந்தா பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையில் உள்ளது. சிலருடையது இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பெயர்களை வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. நிழற்பிரதிச் செலவையும் தூரத்துப் பிள்ளைகளின் தேநீர், பணிஸ் செலவையும் பல வாரங்கள் தனிப்பட்டவர்களே ஏற்றார்கள். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக நின்றன; கூரைக்குக் கிடைத்த நன்கொடையால் கணக்கு தாழாமல் தப்பியது. விபரங்களைப் பொருளாளர் தமது அறிக்கையில் தருவார்.

வரும் 2025ஆம் ஆண்டு எண்ணளவிலும் அழகானது. போட்டி வினாக்களில் அந்தந்த ஆண்டின் எண்ணை வைத்துக் கேட்பது வழக்கம். 2025 என்பது 45இன் வர்க்கம். 1 முதல் 9 வரையான எண்களின் கனங்களைக் கூட்டினாலும் 2025. ஒன்றாம் வாய்பாடு முதல் ஒன்பதாம் வாய்பாடு வரை 9க்கு 9 அட்டவணையாக எழுதி எல்லா விடைகளையும் கூட்டினாலும் அதே 2025. இது ஏன் என்பதைத் தரம் 6 பிள்ளைக்கும் விளங்கவைக்கலாம். அதற்கான பயிற்சித் தாள்களை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

மூதூரிலிருந்தும் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அவர்களை அழைக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு பேர் கற்பிக்க வர வேண்டும், பெரிய கரும்பலகை ஒன்று வேண்டும், சிறுவர்களுக்கு ஏற்ற கதிரைகள் வேண்டும். அடுத்த ஆண்டும் இதை ஒருவரே சுமப்பது கடினம் என்பதைச் சபை உணரும் என்று நம்புகிறேன். வெளிநாடுகளில் வாழும் நம் ஊரவர்கள் சிலர் உதவ விரும்புவதாகத் தகவல் அனுப்பியுள்ளார்கள். உள்ளூரில் இருப்பவர்களின் சந்தா ஒழுங்குக்கு வந்த பிறகு அவர்களிடம் கேட்பதே நமக்குக் கௌரவம்.

தலைவர், பொருளாளர், மண்டபத்தைத் துப்புரவாக வைத்திருந்த அம்மா, பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பி மாலையில் வந்து கூட்டிச்சென்ற பெற்றோர், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் நிர்வாக சபையின் நன்றி. கற்பிக்க விரும்புவோர் பெயர் எழுதுவதற்கான தாள் வரவுப் புத்தகத்துக்கு அருகில் வைக்கப்பட்டுள்ளது. பொருளாளரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும்வரை இங்கே இருப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை