இறங்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

2024 மாசியில் அப்பாவைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப் போய் வந்தோம். எப்படி ஏறினீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எப்படி இறங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கதையில்தான் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

அப்பாவுக்கு எழுபது வயது. மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்து, கிளிநொச்சித் தருமபுரத்தில் காடு வெட்டிக் கிணறு தோண்டி வயற்காரர் ஆனவர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பேச்சு மட்டும் மஸ்கெலியாப் பேச்சுத்தான். லயத்து வாசலில் நின்றால் மலை தெரியும் என்றும், தான் ஒரு தரம்கூட ஏறவில்லை என்றும் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அதற்கு முந்தின வருடம் அம்மாவின் திவசத்தன்றும் அதையே சொன்னார். சரி, கூட்டிப் போவோம் என்று தம்பியும் நானும் முடிவெடுத்தோம்.

வன்னியில் இருந்துகொண்டு மலையேறப் பழகுவது எப்படி? எங்களுக்கு உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். மார்கழி முழுக்க அப்பா அந்தக் கட்டில் ஏறி இறங்கினார். மாடு மேய்க்க வந்தவர்கள் அவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தார்களாம். கிளினிக் டொக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் நன்றி. "ஏறேக்க மூச்சு வாங்கினா இருந்து எழும்பிப் போகலாம், இறங்கேக்கதான் முழங்கால் விடாது" என்றார். நாங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

காலபோக நெல் வெட்டு முடிந்த கையோடு புறப்பட இருந்தோம். பேசி வைத்திருந்த வான் முதல் நாள் இரவு வரமாட்டேன் என்றது. யாரென்று சொல்லப்போவதில்லை, அவருக்குக் கல்யாண ஓட்டம் ஒன்று கிடைத்துவிட்டது. பக்கத்து வளவு கராஜ்கார அண்ணைதான் தன் பழைய ஹையஸைக் கழுவிக்கூட நேரமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்தார். டீசல் காசைத் தவிர ஒரு சதம் வாங்கவில்லை. அவருடைய மனிசி மூன்று நாளும் எங்கள் இரண்டு பசுக்களையும் பால் கறந்து பார்த்துக்கொண்டார். அண்ணை, அக்கா, உங்கள் இருவருக்கும் நன்றி. சிவப்பி இப்போது என்னிடம் கறக்க நிற்கிறாளில்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஏ-9 வீதியால் கண்டி வரை போய், அங்கிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹற்றன். மஸ்கெலியாவில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைக் கண்டதும் அப்பா வானை நிறுத்தச் சொன்னார். 1969 இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா ரவுன் இந்தத் தண்ணீருக்குள்தான் போனது. நீர் வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். நாங்கள் போனபோது வெறும் தண்ணீர். அப்பா அதைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வயற்காரப் புத்தி வந்துவிட்டது. இத்தனை தண்ணியில் எத்தனை ஏக்கர் பாயுது என்று வீதியோரத்தில் மரக்கறி விற்றவரிடம் கேட்டார். பாய்ச்சல் ஒன்றும் இல்லை, கரண்ட் எடுக்கத்தான் என்றார் அவர். "ஒரு ஏக்கர்கூடவா இல்ல?" என்று ஹையஸுக்குள் ஏறிய பிறகும் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

அங்கே மச்சாள் வீட்டில் ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தார்கள். அத்தான் தன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு மாட்டிவிட்டார். வன்னி வெயிலில் வேகும் எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான். அந்தத் தொப்பி இல்லாவிட்டால் பாதியில் திரும்பியிருப்போம்.

இரவு ஒன்பதரைக்கு மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் நடக்கத் தொடங்கினோம். மலை 2,243 மீற்றர் உயரம். ஐயாயிரத்துக்கும் மேலே படி. இளசுகள் மூன்று நான்கு மணித்தியாலத்தில் ஏறிவிடுகிறார்கள், எங்களுக்கு எட்டு. வழியில் சீத்தகங்குலை ஓடையில் முகம் கழுவியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டரை மணிபோல ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது, அந்தக் கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் அப்பாவின் நனைந்த சொக்ஸைக் கழற்றி அடுப்பு விளிம்பில் காயப்போட்டார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். பக்கத்து வாங்கில் இருந்த ஒருவர், இந்த வயதில் ஏன், திரும்பிப் போங்கள் ஐயா என்றார். அப்பா காலை நீட்டிக் காட்டி, "பொக்கணைக்கு நடந்த காலு இது" என்றார். 2009 போரின் கடைசியில் வன்னிச் சனம் நடந்து போன இடம் பொக்கணை. அவருக்கு விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது.

உச்சியில் இடமே இல்லை. ஒரு பொலிஸ்காரர் நாலு பேரை நகர்த்தி, காற்றுப் படாத மூலையில் அப்பாவை இருத்தினார். அவருக்கும் நன்றி. சூரியன் எழும்பியதும் மறுபக்கம் பனிமூட்டத்தில் விழுந்த முக்கோண நிழலைப் பார்க்க எல்லோரும் ஓடினார்கள். அப்பா மணி அடிக்க வரிசையில் நின்றார். எத்தனையாவது தரம் ஏறுகிறோமோ அத்தனை தரம் மணி அடிப்பது அங்கே வழக்கம். அவர் இரண்டு தரம் அடித்தார்.

"அப்பா, ஒருக்காத்தானே?"

"அப்புச்சிக்குத் தெரியாம சின்னதுல ஒரு தரம் ஓடி வந்து ஏறிட்டேன்."

"பிறகேன் ஏறேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"அப்படிச் சொல்லலேன்னா நீ கூட்டிட்டு வந்திருப்பியா?"

சண்டை பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. இருநூறு படி இறங்குவதற்குள் அப்பாவின் வலது முழங்கால் மடங்கிவிட்டது. கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி, முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை என்று நின்றார். தம்பி தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. செங்குத்துப் படியில் ஆளைத் தூக்குவது இரண்டு பேரையும் உருட்டிவிடும் வேலை.

அப்போதுதான் குருநாகல் பக்கத்துப் பொடியன்கள் மூன்று பேர் வந்தார்கள். எனக்குச் சிங்களம் வராது, அப்பாவுக்குத் தோட்டத்தில் பழகிய சிங்களம் இருந்தது. ஒருவன் தன் பச்சைத் துவாயை முழங்காலில் இறுக்கிக் கட்டினான். ஒருவன் எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டான். மற்றவன் அப்பாவுக்கு இரண்டு படி கீழே, முதுகைக் காட்டி நின்று, "சீயா, அத்த" என்றான், தாத்தா, கை என்று. அப்பா இரு கையையும் அவன் தோளில் வைத்தார். அவன் ஒரு படி இறங்கி நிற்பான், அப்பா நல்ல காலை வளைத்து வலிக்கிற காலை முதலில் கீழே வைப்பார், பிறகு மற்றக் கால். "எக்காய், தெக்காய், துணாய்" என்று அவன் எண்ண, அப்பா தமிழில் எண்ணினார். நூறு வந்ததும் இருந்து எழும்பினார்கள். தோள் கொடுப்பவன் மாறினான், எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. ஏறி வந்தவர்கள் "கருணாவாய்" என்று யாத்திரைக்காரர் வாழ்த்தைச் சொல்லி வழிவிட்டார்கள்.

காலை ஏழரைக்குத் தொடங்கி அடிவாரம் வரும்போது பின்னேரம் மூன்று தாண்டிவிட்டது. அவர்களோடு வந்த கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. அப்பா கொடுத்த காசை வாங்கவில்லை. தம்பியின் போனில் சார்ஜ் இல்லை, எழுதப் பேனை இல்லை. பஸ் வந்தது, கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். நம்பர் வாங்காமல் விட்டது என் பிழை.

தம்பிமாரே, இதை நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். குருநாகல் பக்கம் சிங்களமும் தமிழும் தெரிந்த யாராவது, மாசியில் கிளிநொச்சிச் சீயா ஒருவரை இறக்கிவிட்ட பொடியன்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் சொல்லிவிடுங்கள். பச்சைத் துவாய் தோய்த்து மடித்து எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வந்தால் புது அரிசிச் சோறும் குளத்து மீனும் உண்டு.

இன்னொன்று. கடைக்கார அம்மா, ஹற்றன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, கொத்தமல்லிக்கும் மூன்று பிளேன்ரீக்கும் நாங்கள் காசு தரவில்லை. நான் தந்துவிட்டேன் என்று தம்பி நினைத்தான், தம்பி தந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அடுத்த பருவத்தில் யாராவது ஒருவர் கொண்டுவந்து தருவோம். தான் வருவதாக அப்பா சொல்கிறார். முழங்கால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நன்றியுடன்,
தருமபுரத்திலிருந்து ஒரு மகள்