தண்ணீரை மட்டும் சோதித்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஓடையில் பாதரசம் கலந்துவிட்டதாகப் புகார் எழுந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போகிறது. 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்று அறிக்கை வருகிறது. செய்தியும் அத்தோடு முடிகிறது. அறிக்கை பொய் என்று சொல்லவில்லை. குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு (கரிமத்தோடு சேராத வடிவம்) உலக சுகாதார அமைப்பு வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சில நானோகிராம் மட்டுமே உள்ள ஓடையிலும் மீன் உண்ணத் தகாததாகிவிடலாம். மீனுக்குப் பாதரசம் பெரும்பாலும் இரை வழியாகத்தான் சேர்கிறது; பல ஓடைகளில் அந்த இரைச்சங்கிலி தொடங்குவது கல்லில் படர்ந்த வழுக்குப் பாசியில். ஆகவே பாசியைச் சுரண்டி எடுத்துப் பார்க்காத ஓடைச் சோதனை அரைச் சோதனைதான்.

தண்ணீரிலிருந்து பாசிக்குப் போகும் அந்த ஒரே தாவலில் மெத்தில் பாதரசத்தின் (கரிமத்தோடு இணைந்த, நச்சு மிகுந்த வடிவம்) செறிவு பத்தாயிரம் மடங்குக்கு மேல், சில இடங்களில் லட்சக்கணக்கான மடங்கு ஏறுகிறது. பிறகு பூச்சி, சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் கூடுவது சில மடங்குதான். கனிமப் பாதரசம் பெரும்பாலும் செல்சுவரோடு நின்றுவிடும். மெத்தில் பாதரசம் உள்ளே புகுந்து புரதங்களின் கந்தகத்தோடு பிணையும். மேயும் புழு சுவரைக் கழித்துவிட்டு உட்சாற்றைச் செரிப்பதால், நச்சு மிகுந்த வடிவமே மேலே ஏறுகிறது.

இதற்காகப் பாசியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும் வேலையைச் செய்பவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில நுண்ணுயிரிகள். அதற்கான இரு மரபணுக்கள் 2013-இல் அடையாளம் காணப்பட்டன. பாசிப் படலத்தின் மேற்புறம் வெயிலில் ஆக்சிஜனை உமிழ்ந்துகொண்டிருக்க, ஒரு சில மில்லிமீட்டர் கீழே ஆக்சிஜனே இராது. பாசி கசியவிடும் கரிமப் பொருள் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், 1950-களில் லித்தியம் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசம் கசிந்த ஓடையில், பிற்காலத்தில் நீரில் பாதரசம் வெகுவாகக் குறைந்தும் மீனில் அதற்கேற்பக் குறையவில்லை. ஆய்வாளர்கள் அங்கே பாசிப் படலத்தைத் தேடிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரி எடுப்பது கடினமில்லை. மாசுபடாமல் எடுப்பதுதான் கடினம். இருவர் வேண்டும். ஒருவர் மாதிரிப் புட்டியையும் அதன் மூடியையும் மட்டுமே தொடுவார். கல், வெளிப்பை எல்லாம் மற்றவர் பொறுப்பு. ஒரே ஆழமும் ஒரே வெயிலும் உள்ள இடத்தில் ஐந்தாறு கற்களை எடுத்து, அளவு தெரிந்த ஒரு வட்டத்தை மேலே வைத்து, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய நைலான் தூரிகையால் அதற்குள் மட்டும் தேய்த்தெடுக்க வேண்டும். உலோகக் கத்தி கூடாது. கிடைத்த கூழை நன்கு கலக்கிப் பங்கிட வேண்டும்: ஒரு பங்கு பச்சையத்துக்கு, ஒரு பங்கு உலர் எடைக்கும் 500 டிகிரியில் எரித்துச் சாம்பல் பார்ப்பதற்கும், ஒரு பங்கு பாதரசத்துக்கு. இனம் பார்க்க அயோடின் கரைசலில் இடும் சிறு பங்கு தனி. அதைப் பாதரச அளவீட்டுக்குத் திருப்பிவிடக் கூடாது. பாதரசப் பங்கை இருட்டில் உறையவைத்து, உறைநிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும். அடுப்பில் உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடலாம். அப்போது எண் அழகாகக் குறைந்து வரும்.

எண் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். படலத்தில் வண்டல் சிக்கியிருக்கும். எரித்த பிறகும் எரியாமல் எஞ்சும் சாம்பல் மிக அதிகமென்றால் நீங்கள் அளந்தது பாசியை அல்ல, மண்ணை. பாசி வேகமாகப் பெருகும் பருவத்தில் அதே பாதரசம் கூடுதல் நிறையில் பரவுவதால் கிராமுக்கான அளவு விழும்; ஓடை சுத்தமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எனவே உலர் எடையின் கிராமுக்கு எவ்வளவு, கல்லின் சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று இரண்டையும் தர வேண்டும். ஒன்றை மட்டும் தரும் அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

இருப்பு வேறு, உற்பத்தி வேறு. படலம் எவ்வளவு வேகத்தில் மெத்தில் பாதரசத்தை உண்டாக்குகிறது என்று அறிய, செறிவூட்டிய ஒரு பாதரச ஐசோடோப்பை (அணு எடையில் வேறுபடும் பாதரச வகை) சிறிதளவு சேர்த்துச் சில மணி நேரம் வைத்து, அந்த ஐசோடோப்பு மெத்தில் வடிவத்துக்கு மாறிய அளவை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைநிறமாலைமானியில் பார்ப்பார்கள். இதற்குச் சுரண்டிய கூழ் உதவாது. சுரண்டினால் அடுக்குகள் குலைந்து உள்ளே ஆக்சிஜன் புகுந்துவிடும். வேகம் குறைந்தது போலத் தோன்றும். மெருகிடாத ஓட்டு வில்லைகளைச் சில வாரம் ஓடையில் போட்டு வைத்து, படலம் ஏறியதும் அப்படியே எடுத்துச் சோதிப்பது நல்லது. வெளிச்சத்தில் ஒரு தொகுதி, இருட்டில் ஒரு தொகுதி கட்டாயம்.

இனி 'பாதரசம் கண்டறியப்படவில்லை' என்ற வரியை அச்சிடும் முன், அந்த ஆய்வகக் கருவியின் கண்டறியும் எல்லை என்ன என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே எதையும் காணாத கருவிக்கு, மேலே சொன்ன சில நானோகிராம் ஓடைகள் அனைத்துமே சுத்தமானவைதான்.

இப்படிக்கு,
நன்னீர்ச் சூழல் ஆய்வாளர்கள் இருவர்