பாலாறு வழக்குக் கட்டுரை: சான்றுகளைச் சரிசெய்வோம்

எல்லோருக்கும் வணக்கம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை மாசுபடுத்தியது தொடர்பான வழக்கு பற்றி விக்கிப்பீடியாவுக்காக நாம் எழுதும் வரைவில் தகவல் நிறைய இருக்கிறது, சான்றுதான் போதவில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் நாளை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

முதலில், 28 ஆகஸ்ட் 1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். "467 கிணறுகளில் 350 மாசுபட்டன" என்ற வரியை வரைவில் வேலூர்க் கணக்காக எழுதியிருக்கிறோம். தீர்ப்பில் அது திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு. உடனே மாற்ற வேண்டும். 35,000 ஹெக்டேர் நிலம் பாழானது என்பதும் நீதிமன்றமே எடுத்த கணக்கு அல்ல. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதாகவே தீர்ப்பில் வருகிறது. யார் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போன்ற உத்தரவுகளுக்குத் தீர்ப்பே போதும். ஆனால் 'மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தத் தீர்ப்பு எப்படி வளர்த்தது என்று நாமாக விளக்கம் எழுதக் கூடாது. சட்ட நூல், ஆய்விதழ் வேண்டும். சட்டக் கல்லூரி நண்பர்கள் கைகொடுங்கள்.

அப்புறம், பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் ஜனவரி 2025-இல் வழங்கிய தீர்ப்பு தனி; 1996 தீர்ப்போடு கலக்க வேண்டாம். பழைய நாளிதழ் வைத்திருப்பவர்கள் தேதி, பக்க எண் தெரியும்படி படமெடுத்து இங்கே போடுங்கள்.