தோட்டத்துக் கிணற்றை மூட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டு என்றாலே இன்று ஐ.டி. கம்பெனிகளும் மெட்ரோவும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் 1882-இல், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விவசாயம் செய்து பிழைக்கட்டும் என்று மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த 3,900 ஏக்கரில் உருவான ஊர் அது. முன்னின்று பாடுபட்ட ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. அங்கிருந்து வர்த்தூர் போகிற வழியில் இருந்த எங்கள் தாத்தாவின் தோட்டத்தைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். குத்தகைக்குப் பயிரிட்டு, அப்புறம் நாலு ஏக்கர் வாங்கினார். மேட்டில் ராகி, பள்ளத்தில் கீரையும் கனகாம்பரமும், நடுவில் கிணறு. அப்பாவும் சித்தப்பாக்களும் ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். அத்தைகள் பக்கத்திலேயே குடிவந்தார்கள். பூப்பறிக்க வந்த குடும்பங்களுக்குத் தாத்தா ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் போகும்போது அது ஒரு சின்ன ஊர். பஸ்ஸில் "தோட்டம்" என்று சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார்.

எங்கள் பக்கம் நிலத்தைக் குண்டைக் கணக்கில் அளப்பார்கள், ஏக்கருக்கு 40 குண்டை. 30க்கு 40 அடி சைட், அதாவது ஒரு வீட்டு மனை, ஒரு குண்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அண்ணன் படிப்புக்கு ரெண்டு சைட், பெரியம்மா ஆபரேஷனுக்கு ஒன்று என்று நிலம் போனது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். பூ விற்ற காசில் அந்தச் செலவையெல்லாம் தாங்கியிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது கிணறும் அதைச் சுற்றி ஒரு குண்டை நிலமும். இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. அதன் கல்லில் கயிறு தேய்த்த பள்ளத்தில் என் சுண்டுவிரல் முழுசாகப் பதியும். பாட்டியும் அம்மாவும் இழுத்த கயிறு அது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்காக ராத்திரியெல்லாம் விழித்திருந்தோமே, அப்போதும் இதில் தண்ணீர் இருந்தது. குடிக்க ஆகாது, சரி. துணிக்கும் பாத்திரத்துக்கும் எங்கள் தெரு முழுக்க இதைத்தான் இறைத்தது.

இப்போது அதை மூடி, கார் நிறுத்த இடமாக்கலாம் என்று பங்காளிகளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் உங்கள் பத்திரிகையை விடாமல் படிப்பவர்கள். போனில் பேசினால் சண்டையாகிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். குழந்தைகள் விழுந்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. கம்பி வலை போடுவோம். தூர் வாரி, நாலு வீட்டு மொட்டை மாடி மழைத் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவோம். பொங்கலுக்கு எல்லோரும் வருகிறீர்கள். அதுவரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், கிணற்றடியில் உட்கார்ந்து பேசுவோம். வலைக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வீட்டுப் பேத்தி,
பெங்களூரு