குளோவர் முளைக்காததற்குப் புல்லும் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைப்பகுதி மேய்ச்சல் நிலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிக்கூயூ என்னும் மேய்ச்சல் புல்லோடு, வேர்முடிச்சில் தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்க்கும் தீவனச் செடியான வெள்ளைக் குளோவரையும் வளர்த்தால் யூரியாச் செலவு குறையும் என்பது சரிதான். ஆனால் குளோவர் வராமல் போவதற்கு விதையையும் மண்ணின் புளிப்பையும் மட்டும் குறைசொல்லிக் கட்டுரை முடிந்துவிட்டது. புல்லே கெடுக்கும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் நான்கு மாடுகள் வைத்திருக்கிறேன். போன வருடம் கோடை மழையில் கிக்கூயூவைக் கொத்தி, அதையே மூடாக்காகப் பரப்பி, மறுநாளே குளோவர் தூவினேன். முளைத்தது சொற்பம். அதையும் பிடுங்கிப் பார்த்தால் வேர்நுனி பழுப்பேறி, நகக்கண் அளவோடு நின்றிருந்தது.

சந்தேகம் வந்து, நறுக்கிய புல்லை ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினேன். அந்த நீரில் நனைத்த துணியில் ஒரு பிடி விதை, வெறும் நீரில் நனைத்த துணியில் ஒரு பிடி. ஐந்தாம் நாள் வெறும் நீரில் இருந்தவை வெள்ளை வேர் விட்டுத் துணியைப் பற்றிக்கொண்டிருந்தன. புல்நீரில் பாதிகூட வாய் திறக்கவில்லை.

புல் மட்கும்போது பெருலிக், கூமாரிக் போன்ற அமிலங்கள் மண்ணில் இறங்குகின்றன. ஒரு செடி வேதிப்பொருளால் இன்னொன்றைப் பாதிப்பதற்கு 'அல்லெலோபதி' என்று 1937-இல் பெயரிட்டவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். 1960-களில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் தாவரவியலாளர் எல்ராய் ரைஸ் கண்டதுதான் நமக்கு முக்கியம்: சில புற்களின் சாறு, வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்களையே ஒடுக்குகிறது. அப்படியானால் செடி பிழைத்தும் பயனில்லை. முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளிறியிருந்தால் இல்லை.

கிக்கூயூ மெத்தைபோல் படர்ந்து வெளிச்சத்தையும் நீரையும் பறிப்பதும் உண்மை. வயலில் இந்தப் போட்டியையும் புல்லின் நச்சுத்தன்மையையும் பிரித்தறிவது ஆராய்ச்சியாளர்களுக்கே கடினம். ஆனால் என் ஈரத்துணியில் நிழலும் இல்லை, போட்டியும் இல்லை.

இந்த வருடம் கொத்திய புல்லை வாரி எருக்குழியில் போட்டேன். இரண்டு நல்ல மழை இறங்கிய பிறகே விதைத்தேன். ஓரங்களில் இப்போது குளோவரின் மூவிலை தெரிகிறது. துணிச் சோதனைக்குக் காசு செலவில்லை. விதை வாங்கும் முன் அதைச் செய்துபார்க்கும்படி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்