பம்பில் பெட்டி மாட்டும் முன்: எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டீசல் பம்பில் கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்ட ரெண்டு நாள் போதுமே, அதற்கு எதற்கு இத்தனை கேள்வி?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். உங்கள் வண்டிக்கு மட்டுமே டீசல் பிடிக்க விட்டு, பிடித்த லிட்டரை எண்ணிக்கொள்ளும் பெட்டி அது. அதை மாட்டும் முன் உங்கள் யார்டுக்கு வந்து வண்டி, மீட்டர், தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் எங்கள் தவறு ஒன்று. சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஒரு லாரி யார்டில், அலுவலகம் கொடுத்த பட்டியலை நம்பி, வண்டிக்கு ஒரு அடையாள வளையம் என்று கணக்குப் போட்டு வாங்கிப் போனோம். அங்கே குனிந்து பார்த்தால் பிரைம் மூவர்களுக்கு (டிரெய்லரை இழுக்கும் லாரித் தலைகள்) இரண்டு பக்கமும் டாங்கி! போதாக்குறைக்கு, வாடகைக்கு எடுத்த லாரிகள் பட்டியலிலேயே இல்லை. அன்று மாலை வண்டிகள் வரிசையில் நிற்க, கடைசியில் பம்பைப் பழையபடி கையால் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

வளையம் என்பது டாங்கியின் கழுத்தில் உட்காரும் சின்னப் பொருள். நாசிலில் இருக்கும் ரீடர் அதைப் படித்து, அது உங்கள் வண்டிதான் என்று தெரிந்தால் மட்டுமே பம்பு ஓடும். நாசிலை வெளியே இழுத்தால் எண்ணெய் நின்றுவிடும். பக்கத்தில் வைத்த டப்பாவில் பிடிக்க முடியாது. ஆனால் கழுத்தின் அளவு வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஒவ்வொரு மூடியையும் திறந்து அளப்பது அதனால்தான். டைப் அடித்த பட்டியலில் இது கிடைக்காது.

அடுத்தது பம்பு மீட்டர். பெட்டி தானாக எதையும் அளப்பதில்லை. மீட்டர் சொல்வதை எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். மீட்டர் தப்பென்றால் கணினியில் அழகான தப்புக் கணக்கு வரும். அதனால் 20 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் சில முறை பிடித்துப் பார்த்துவிட்டே வயர் இழுப்போம்.

சரி, மீட்டரும் சரியாக இருக்கிறது, தொட்டியில் மட்டும் கொஞ்சம் குறைகிறது என்றால்? உடனே ஓட்டுநர் தலையில் கட்டிவிடாதீர்கள். டீசல் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.08 விழுக்காடு விரியும். டேங்கரில் வெயிலில் வந்த 5,000 லிட்டர், நிலத்தடித் தொட்டியில் 5 டிகிரி ஆறினாலே 20 லிட்டர் குறைந்து தெரியும். சிங்கப்பூரில் டீசல் வரி 2017இல் லிட்டருக்கு 10 காசாக இருந்து 2019இல் 20 காசானது, ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் சூடு ஆறிச் சுருங்கியதையும் திருட்டையும் பிரித்துப் பார்க்க, தொட்டியில் வெப்பமானியோடு கூடிய அளவுகோல் வேண்டும். விலை கொஞ்சம் கூடும். நாங்கள் வாங்கச் சொல்வோம்.

தொட்டி உரிமத்தின் நகலையும் வரைபடத்தையும் எடுத்து வையுங்கள். குடிமைத் தற்காப்புப் படை கொடுத்த உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பம்பு மேடையில் ஒரு துளைகூடப் போடமாட்டோம். இங்கே விழும் இடிக்கு மின்னல் தடுப்பானும் கட்டாயம். அதை வேண்டாம் என்று பேரம் பேசாதீர்கள். கரண்ட் போனால் பம்பைக் கையால் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அது எல்லார் கையிலும் இருந்தால் பெட்டி வாங்கியதே வீண்.

அப்புறம், ஓட்டுநர்களின் வேலை பெர்மிட் எண்ணை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். கம்பெனியில் கொடுத்த ஊழியர் எண் போதும்.

எல்லா வண்டியும் யார்டில் நிற்பது பெரும்பாலும் ஞாயிறு காலைதான். எந்த ஞாயிறு வசதி என்று வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். பம்பு சாவி வைத்திருக்கும் அண்ணனையும் வரச் சொல்லுங்கள். வாடகை லாரிகள் எத்தனை என்பது அலுவலகத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் சர்வீஸ் குழுவினர்